காசிமேடு மீன்காரம்மா படம்: பாராட்டு வேண்டாம், குறை சொல்லுங்கள்

புது கேமரா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதத்துக்கு முன்னால் கைமாறி வந்த கேமரா ஒன்றை வாங்கினேன், அதோடு வந்த 18-55 மி.மீ ஜூம் லென்ஸ்தான் இன்னும் ஓடுகிறது. போன ஞாயிறு சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போயிருந்தேன். இருநூறு படத்துக்கு மேல் எடுத்ததில் இது ஒன்றுதான் தேறியது. ஒரு அம்மா அரிவாள்மனையில் வஞ்சிரம் நறுக்குகிறார், முன்னால் கூடை, பின்னால் விசைப்படகுகள். காலை 7.10 மணி, லென்ஸ் 18 மி.மீ, துளை எஃப் 8, ஷட்டர் 1/60 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்வு) 200. வீட்டில் காட்டினேன், நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் பார்க்கும்போதெல்லாம் எங்கேயோ இடிக்கிறது, எங்கே என்றுதான் சொல்லத் தெரியவில்லை. தயவுசெய்து குறையைச் சொல்லுங்கள், மனசு நோகாது.

கடலோரம் எழுதியது:

அருமை தம்பி. அந்த அம்மா முகத்தில் உழைப்பு அப்படியே தெரிகிறது. தொடர்ந்து எடுங்கள்.

பழைய நெகட்டிவ் எழுதியது:

தம்பி, குறை கேட்டிருக்கிறீர்கள், அதனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன். அந்த அம்மா முகத்தில் உழைப்பு தெரிகிறது என்று மேலே எழுதியிருக்கிறார்கள். என் கண்ணுக்கு முகமே சரியாகத் தெரியவில்லை. படத்தைத் திறந்ததும் கண் முதலில் எங்கே போகிறது என்று பாருங்கள். மேலே இடது மூலையில் வானம் காகிதம் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது, நேராக அங்கேதான் போகிறது. அப்புறம் கூடைக்குப் பக்கத்தில் இருக்கும் நீல ட்ரம், அப்புறம் வஞ்சிரத்தின் வயிற்றில் அடிக்கிற ஈரப் பளபளப்பு. நாலாவதாகத்தான் அந்த அம்மா. உங்களுக்கு எங்கேயோ இடிக்கிறது என்றீர்களே, இதுதான் என்று நினைக்கிறேன். யாரைப் பார்த்து க்ளிக் செய்தீர்களோ அவரிடம் கண் கடைசியில் போய்ச் சேருகிறது.

காரணம் வெளிச்சம். 7.10க்குச் சூரியன் படகுகளுக்கு மேலே வந்துவிட்டது, அது அவருக்குப் பின்னால் இடது பக்கம் இருக்கிறது. அவரோ தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்திருக்கிறார். வெளியே அத்தனை வெளிச்சம், உள்ளே இத்தனை இருட்டு, ஒரே படத்தில் இரண்டையும் சரியாகப் பிடிப்பது கேமராவுக்குக் கஷ்டம். எடிட் செய்யும்போது நிழலைத் தூக்கியிருக்கிறீர்கள், கன்னத்தில் புள்ளி புள்ளியாக நிற்கிறது பாருங்கள். இது கம்ப்யூட்டரில் தீர்கிற குறை இல்லை. ஒரு மணி நேரம் முன்னால் போயிருக்க வேண்டும். இந்த மாதத்தில் சூரியன் ஆறரை வாக்கில்தான் வருகிறது. ஆறே கால் மணிக்கு அங்கே நின்றால் வானம் இன்னும் நீலமாக இருக்கும், தார்ப்பாய்க்குக் கீழே தொங்கும் பல்பு அவர் முகத்தில் விழும், வானத்து வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். அந்தச் சமம் பத்து, பதினைந்து நிமிஷம்தான். அதற்கு முன்னால் வானம் கறுப்பு, அதற்குப் பின்னால் பல்பு எரிவதே தெரியாது.

அடுத்தது கம்பு. தார்ப்பாயைத் தாங்குகிற மூங்கில் அவர் உச்சந்தலையிலிருந்து முளைத்த மாதிரி நிற்கிறது. நேரில் நமக்கு இரண்டு கண், கம்பு தூரத்தில் இருப்பது தெரியும், அதனால் உறுத்தாது. படத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இதற்கு மருந்து உங்கள் கால்தான். நாம் பக்கவாட்டில் நகர்ந்தால் கிட்டே இருப்பது நிறைய நகரும், தள்ளி இருப்பது கொஞ்சம்தான் நகரும். இடது பக்கம் இரண்டடி வைத்திருந்தால் கம்பு தலையை விட்டு விலகியிருக்கும்.

மூன்றாவது, நறுக்குகிற கை அசைந்திருக்கிறது. 1/60க்கு அந்தக் கை நிற்காது. ஐஎஸ்ஓ 200ஐ 800 ஆக்கியிருந்தால் அதே வெளிச்சத்தில் 1/250 கிடைத்திருக்கும். ஐஎஸ்ஓவைக் கண்டு பயப்படாதீர்கள். புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், அசைந்த படத்தை எதுவும் செய்ய முடியாது.

கடைசியாக வலது ஓரம். கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை பாதியில் நிற்கிறது, யாருடையது என்றே தெரியவில்லை. அந்த ஓரத்தை வெட்டிவிடுங்கள்.

வானவில் எழுதியது:

அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனால் அவ்வளவு அலைய வேண்டாம். தம்பி படத்தை எடுத்து நானே கொஞ்சம் வேலை செய்திருக்கிறேன், கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன். வெளுத்த வானத்துக்குப் பதில் ஆரஞ்சு நிற விடியல் வானம் ஒன்று வைத்தேன், கம்பை எடுத்துவிட்டேன், அந்தக் கையையும் அழித்துவிட்டேன். முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினேன். மொத்தமே பத்து நிமிஷ வேலை. இணைத்திருக்கிறேன், பாருங்கள்.

பழைய நெகட்டிவ் எழுதியது:

வானவில், வேலை சுத்தமாக இருக்கிறது, கம்பு இருந்த இடம் தெரியவே இல்லை. ஆனால் கூடையின் நிழலைப் பாருங்கள். அசல் படத்தில் சூரியன் இடது பக்கம் பின்னால், அதனால் நிழல் வலது பக்கம் முன்னால் விழுகிறது. நீங்கள் வைத்த வானத்தில் சூரியன் வலது பக்கம். சூரியன் இருக்கிற பக்கமே நிழலும் விழுகிறது. பார்க்கிறவருக்கு இன்னது என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ பொய் என்று பட்டுவிடும்.

வானத்தை மாற்றுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலேயப் படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்த காலத்திலேயே காகித நெகட்டிவில் கையால் மேகம் தீட்டியிருக்கிறார். அன்றைய ரசாயனம் நீல வெளிச்சத்துக்கு ரொம்பவும் கூச்சப்படும், தரைக்குச் சரியாக வெளிச்சம் வைத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். வேறு வழி இல்லாததால் தீட்டினார். நம் தம்பிக்கு வேறு வழி இருக்கிறது. அவர் வீட்டிலிருந்து காசிமேடு பஸ்ஸில் போகிற தூரம்தான், அடுத்த ஞாயிறும் அந்த அம்மா அங்கேதான் உட்கார்ந்திருப்பார். எடிட் செய்து கொடுத்துவிட்டால் அவர் கற்றுக்கொள்வது எடிட்டைத்தான், எங்கே நிற்பது என்பதை இல்லை. என் கவலை அது மட்டும்தான்.

மஞ்சள் விளக்கு எழுதியது:

நான் ஒன்று கேட்கலாமா? தம்பி, அந்த அம்மாவிடம் கேட்டு எடுத்தீர்களா?

நான் பத்து வருஷமாகச் சந்தைகளில் படம் எடுக்கிறேன். பெண் என்பதால் எனக்குக் கொஞ்சம் சுலபம் என்பார்கள், அப்படி ஒன்றும் இல்லை. காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்க வருகிறவர்களுக்கு நடுவே கேமராவோடு ஒரு கூட்டமே அலைகிறது. வேலை செய்கிறவர்களுக்கு வழி விடாமல் ஏலத்துக்கு நடுவில் போய் நிற்கிறார்கள். அவர்கள் கத்தினால் "என்ன கோபம்" என்று அந்தக் கோபத்தையும் படம் எடுக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

இந்தப் படத்தில் அந்த அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. அது தப்பு இல்லை. ஆனால் தோள் கொஞ்சம் இறுகியிருக்கிறது, முந்தானையை ஒரு பக்கம் இழுத்துச் செருகியிருக்கிறார், யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தவரின் உடம்பு அது. அப்புறம் நீங்கள் நின்றுகொண்டே எடுத்திருக்கிறீர்கள். தரையில் உட்கார்ந்திருப்பவரை நின்று எடுத்தால் அவருக்குப் பின்னால் வருவது என்ன? ஈரத் தரையும் நாலு பேர் காலும்தான். முழங்கால் போட்டு அவர் கண் உயரத்துக்கு இறங்கிப் பாருங்கள், முகத்துக்குப் பின்னால் படகின் பக்கப் பலகை வரும். அது கருநீலம், முகம் எடுத்துக் கொடுத்த மாதிரி தெரியும். பேன்ட் நனையும், மீன் வாடை போக இரண்டு நாள் ஆகும், பரவாயில்லை. கீழே உட்கார்ந்தால் பேச்சும் தானாக வரும். முதலில் கால் கிலோ நெத்திலியாவது வாங்குங்கள்.

கரிசல் காடு எழுதியது:

நெகட்டிவ் ஐயா சொன்னதில் பெரும்பாலானவை எனக்கு உடன்பாடு, ஒன்றில் மட்டும் இல்லை. ட்ரம் உறுத்துகிறது, கம்பு உறுத்துகிறது, கையை வெட்டு, வானத்தைக் குறை என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது கருநீலப் பின்னணியில் ஒரு முகம். அதை ஸ்டுடியோவிலேயே எடுக்கலாமே. காசிமேடு என்பதே அந்த நெரிசல்தானே. ஐஸ் பெட்டி, கயிறு, கூடை, நாலு பேர் கால் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த இடம்.

காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் எடுத்த யானைப் படங்களைப் பாருங்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996 வரை வாழ்ந்தவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே பூட்டிய ஒரு கருவியில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அந்தப் படங்களில் யானையோடு புதரும் மரமும் கூட இருக்கும், எந்தக் காட்டில் நிற்கிறது என்பது தெரியும். இன்றைக்குப் பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் எடுக்கிற படத்தில் பின்னால் எல்லாம் வெண்ணெய் மாதிரி கரைந்துபோய், அது முதுமலையா வண்டலூரா என்றே சொல்ல முடிவதில்லை.

அதனால் தம்பி, 18 மி.மீட்டரின் அகலப் பார்வையை விட்டுவிடாதீர்கள். 55க்குப் போய்ப் பின்னணியைச் சுருக்கு என்று அடுத்து யாராவது வந்து சொல்வார்கள், கேட்காதீர்கள்.

பழைய நெகட்டிவ் எழுதியது:

கரிசல், நான் நெரிசல் வேண்டாம் என்று சொல்லவில்லையே. நெரிசலுக்குள்ளும் ஒரு வரிசை வேண்டும் என்கிறேன். ட்ரம் படத்தில் இருக்கட்டும், முகத்தை விடச் சத்தம் போடக் கூடாது, அவ்வளவுதான். 18 மி.மீட்டரிலேயே எடுக்கலாம், ஆனால் அதில் ஓரத்தில் வருவதெல்லாம் இழுபடும், கூடை முட்டை வடிவத்தில் இருக்கிறது பாருங்கள். 24க்கு வந்தால் நெரிசலும் இருக்கும், இழுப்பும் குறையும். ஆனால் நீங்கள் சொன்னதில் நான் யோசிக்க வேண்டியது இருக்கிறது, அதை மறுக்கவில்லை.

கொக்குப் பார்வை எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். பள்ளிக்கரணையில் சாலையோரம் நின்று எடுத்த வெள்ளைக் கொக்கு. இறகு ஒன்றுகூடத் தெரியாமல் சுண்ணாம்பு அடித்த மாதிரி வந்திருக்கிறது. பத்துப் படமும் இப்படித்தான். லென்ஸ் கோளாறா?

பழைய நெகட்டிவ் எழுதியது:

லென்ஸில் ஒன்றும் இல்லை. பின்னால் தண்ணீர் கறுப்பாக இருக்கிறது, ஃபிரேமில் முக்கால்வாசி அதுதான். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், கறுப்புத் தண்ணீரை வெளுக்க வைக்கப்போய்க் கொக்கைச் சுட்டுவிட்டது. எக்ஸ்போஷர் ஈடுகட்டலை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் ஒன்றில் வைத்து எடுங்கள், பற்றவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். கல்யாண வீட்டில் வெள்ளை வேட்டிகளாக ஃபிரேம் நிறைந்தால் இதற்கு நேர்மாறு, பிளஸ்ஸில் வைக்க வேண்டும்.

ஓரக்கண் எழுதியது:

காசிமேட்டுக்கே திரும்பி வருகிறேன். ஓரத்தை வெட்டச் சொல்கிறீர்கள், என் கருத்தில் வெட்டுவதே தோல்வி. எடுக்கும்போதே ஃபிரேமின் நாலு ஓரத்தையும் பார்க்கப் பழக வேண்டும். பிரெஞ்சுப் படக்காரர் கார்த்தியே ப்ரெஸ்ஸோன் வெட்டாமல்தானே அச்சிட்டார்?

பழைய நெகட்டிவ் எழுதியது:

பெரும்பாலும் வெட்டமாட்டார், உண்மைதான். ஆனால் 1932இல் பாரிஸில் செங் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஆள் தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிற அந்தப் பேர்போன படம் வெட்டிய படம்தான். வேலி இடுக்கில் லென்ஸை வைத்து எடுத்தார், இடது பக்கத்தை வேலி மறைத்துவிட்டது, அதை வெட்டாமல் வழி இல்லை. அவர் நம் ஊருக்கும் வந்திருக்கிறார், 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தவர். ஓரம் பார்க்கப் பழக வேண்டும் என்பதில் உங்களோடு முழுக்கச் சேர்ந்துகொள்கிறேன், தம்பிக்கு இதுதான் முக்கியம். முகம் பார்த்து, க்ளிக் செய்யும் முன் ஒரு நொடி நாலு மூலைக்கும் கண்ணை ஓட்டினால் அந்தக் கை அப்போதே தெரிந்திருக்கும். ஆனால் எடுத்த பிறகு ஓரத்தில் குறை தெரிந்தால் வெட்டுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

புது கேமரா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொரு பதிலையும் இரண்டு மூன்று தடவை படித்தேன். மஞ்சள் விளக்கு அக்கா, கேட்கவில்லை. கேட்டால் சிரித்து போஸ் கொடுத்துவிடுவார் என்று பயந்தேன். தோள் இறுகியிருக்கிறது என்று நீங்கள் சொன்ன பிறகு என்னால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போகிறேன். ஓரத்தை வெட்டின படத்தை 6க்கு 8 அளவில் பிரிண்ட் போட்டு அவருக்கே கொடுத்துவிட்டுப் பேசலாம் என்று இருக்கிறேன். வெட்டாத படமும் ஃபோனில் இருக்கிறது.

மஞ்சள் விளக்கு எழுதியது:

நல்லது தம்பி. பிரிண்டைக் கண்ணாடிக் கவரில் போட்டுக் கொடுங்கள், அங்கே எல்லாம் ஈரம்.

புது கேமரா எழுதியது:

போய் வந்துவிட்டேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மணிக்கெல்லாம் அங்கே இருந்தேன். அந்த அம்மா அதே இடத்தில்தான், தார்ப்பாய்க்குக் கீழே பல்பு எரிந்துகொண்டிருந்தது. கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அரை கிலோ சங்கரா வாங்கினேன், அவரே சுத்தம் செய்து கொடுத்தார். அப்புறம் பிரிண்டைக் கொடுத்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓரத்தை மட்டும் பிடித்து வாங்கினார். பல்புக்குக் கீழே நீட்டி ரொம்ப நேரம் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்வார் என்று நினைத்தேன்.

"இன்னாப்பா, என் தங்கச்சி எங்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஃபோனில் வெட்டாத படத்தைக் காட்டினேன். வளையல் போட்ட அந்தக் கையில் விரலை வைத்து, "இதோ, இதான் அவ கை. பாதிதான் புடிச்சிருக்க, அதையும் காகிதத்துல வெட்டிட்ட" என்றார். பக்கத்தில் பார்த்தேன், அதே வளையலோடு இன்னொரு அம்மா உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே தார்ப்பாய்க்குக் கீழேதான் பல வருஷமாகக் கடை போடுகிறார்களாம். அக்கா நறுக்குவார், தங்கை நிறுத்துக் கொடுப்பார், ஒரே கல்லா. போன வாரம் நான் பத்து நிமிஷம் அங்கே நின்றிருக்கிறேன், இதை நான் பார்க்கவே இல்லை. அந்தக் கையைக் குப்பையாகத்தான் பார்த்தேன்.

எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "அவளையும் சேத்து எடு" என்றார். முழங்கால் போட்டேன், 24 மி.மீ, எஃப் 4, ஐஎஸ்ஓ 3200, 1/250. மணி 6.18. போஸ் கொடுப்பார்கள் என்று பயந்தேனே, முதல் நாலைந்து படத்தில் கொடுத்தார்கள்தான், அப்புறம் யாரோ வஞ்சிரம் விலை கேட்டார்கள், இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். அக்கா நறுக்கிக்கொண்டே விலை சொல்ல, தங்கை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தராசில் கை வைத்திருக்கிற நொடி இது. இணைத்திருக்கிறேன். குறை சொல்லுங்கள்.

பழைய நெகட்டிவ் எழுதியது:

தம்பி, அந்தக் கையை வெட்டச் சொன்னவன் நான். ஓரத்தில் பாதியாக நிற்பது குறை என்று கண்டுபிடித்தது சரி, ஆனால் அதற்கு வெட்டுவது மட்டும்தான் வழி என்று நினைத்துவிட்டேன். லென்ஸைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பியிருந்தால் முழு ஆளே கிடைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த அம்மா ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்.

புதுப் படம் ரொம்பப் பிடித்திருக்கிறது. முகத்தில் மஞ்சள் வெளிச்சம், பின்னால் நீலம், தங்கையின் பார்வையைப் பிடித்துக்கொண்டு என் கண் நேராக அக்காவிடம் போகிறது. வஞ்சிரத்தின் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள், பல்பு ஒரு சின்னப் புள்ளியாக அதில் விழுந்திருக்கிறது.

கரிசல் காடு எழுதியது:

நீல ட்ரம் இன்னும் இருக்கிறது, கவனித்தீர்களா? இப்போது அது யாரையும் தொந்தரவு செய்யவில்லை. இருட்டில் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. எனக்கு நிறைவாக இருக்கிறது தம்பி.

மஞ்சள் விளக்கு எழுதியது:

தங்கையின் தோளைப் பாருங்கள், எவ்வளவு தளர்வாக இருக்கிறது. ஒரே ஒரு குறை. தார்ப்பாயின் மேல் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக விழுந்திருக்கிறதே, அக்காவின் நெற்றியிலும் ஒன்று லேசாக ஓடுகிறது. அது என்ன, நிழலா?

பழைய நெகட்டிவ் எழுதியது:

நிழல் இல்லை, எல்இடி பல்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி அதனோடு சேர்ந்து நொடிக்கு நூறு தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, 1/250 போன்ற வேகமான ஷட்டரில் அப்படியே பட்டையாக விழும். 1/250 என்று நான்தான் சொன்னேன், அது பகல் வெளிச்சத்துக்குச் சொன்னது, பல்புக்குக் கீழே எடுக்கச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். 1/100 வையுங்கள், பட்டை போய்விடும், ஐஎஸ்ஓவும் 1250 வாக்கில் இறங்கிவிடும். கை கொஞ்சம் அசையும். விலை சொல்ல அவர் ஒரு நொடி நறுக்குவதை நிறுத்துவார் இல்லையா, அப்போது எடுங்கள்.

புது கேமரா எழுதியது:

ஆமாம் அண்ணா, நிறுத்துகிறார். வாங்க வந்தவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் விலையே சொல்கிறார். அடுத்த ஞாயிறு இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பிரிண்ட் கொண்டுபோக வேண்டும், ஏப்ரல் 15க்கு மீன்பிடித் தடை வந்துவிட்டால் 61 நாள் விசைப்படகு போகாது, அதற்குள் இன்னும் நாலைந்து ஞாயிறாவது கிடைக்கும். 1/100 வைத்து எடுத்துப் போடுகிறேன்.